பூட்டிவைத்த இஞ்சிப்புல்

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊர் சிலமலையில் யார் விசாரித்தாலும், "பூச்சிமருந்து அடிக்கிறப்ப மூக்குல ஏறிருச்சு" என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுகிறேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை ஒரு தடவையாவது எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. ஏலத்தோட்டத்தில் மருந்து கலக்குகிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் லேசில் நம்பி வராது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் விரலைவிட்டுப் பார்ப்பேன். பஸ்சில் இடம் காலியாக இருந்தாலும் பக்கத்தில் பெரிய பை வைத்திருப்பவர் இருந்தால் நின்றுகொண்டே போவேன். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் செத்தாலும் குடிக்க மாட்டேன். மலைக்குப் போகும்போது என் எவர்சில்வர் டம்ளர் என் பையில் இருக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி" என்பாள் என் மனைவி பஞ்சவர்ணம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏமாந்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும், சந்தேகப்பட்டவனைப் பார்த்து முணுமுணுக்க மட்டும்தான் செய்யும் என்று இருந்தேன்.

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலம் இருக்கிறது. அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதில் தங்கித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது முருகேசன், பஞ்சவர்ணத்தின் கூடப்பிறந்த தம்பி. எனக்கு மச்சினன். நான் வாரத்தில் நாலு நாள் மேலே போய் இருப்பேன். சொந்த மச்சினனை நம்பித்தானே தோட்டத்தை விட்டிருக்கிறாய் என்று கேட்பீர்கள். விட்டிருந்தேன், ஆனால் பறித்த காயை அவன் ஒரு தடவை எடை போட்டால் நான் இன்னொரு தடவை போடுவேன். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். பேசாமல் இருப்பவனிடம் ஏதோ இருக்கிறது என்று அதற்கும் ஒரு சந்தேகம் எனக்கு.

டீத்தூளையும் நான் நம்புவதில்லை. கடையில் சாயத்தைக் கலக்கிறார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து நாக்கில் வைப்பதில்லை. பூப்பாறைப் பக்கம் வேலைக்குப் போய் வந்த ஒருத்தியிடம் ஒரு தூர் இஞ்சிப்புல் வாங்கிவந்து நட்டேன். கசக்கினால் எலுமிச்சை வாசம் வருமே, அந்தப் புல். வளர்ப்பதில் வித்தை ஒன்றும் இல்லை. தூரைப் பிரித்து முழத்துக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழையும். இலை ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் அரிவாளோடு ஒரு துணியும் வேண்டும். வெயிலில் போட்டால் வாசம் போய்விடும், நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பிடி போட்டு, ரெண்டு ஏலக்காயைத் தட்டி, கருப்பட்டி சேர்த்தால் மலைக்குளிருக்கு அதைப்போல ஒன்றில்லை. மேலே எல்லாரும் கட்டன் என்று சொல்லும் பாலில்லாத டீயைப்போல அதையும் கட்டன் என்றே சொல்லிக்கொண்டோம்.

முதலில் நடைபாதை ஓரம்தான் நட்டிருந்தேன். காய் எடுக்க ஜீப்பில் வரும் பொம்பளைகள் சாயங்காலம் திரும்பும்போது ஆளுக்கு ஒரு பிடி ஒடித்துக்கொண்டு போவார்கள். "ஒரு பிடி புல்லுதானண்ணே" என்பார்கள். இன்றைக்குப் புல், நாளைக்குக் காய் என்று எனக்குப் பட்டது. அடுத்த மழைக்குத் தூர் அத்தனையையும் பெயர்த்து, மோட்டார் செட்டுக்குப் பக்கத்தில் கம்பிவேலி போட்டுப் பூட்டிய இடத்துக்குள் நட்டுவிட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். அறுத்து உலர்த்திய இலையை வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்தச் சாவியும் அதே கயிற்றில். மலைக்குப் போகும்போது நானே எடுத்துப்போய், காலையில் ஒரு பிடி முருகேசன் கையில் கொடுப்பேன். அவன் கொதிக்கவைத்துத் தருவான். அவன் குடிக்க மாட்டான். அவனுக்குப் பால் டீதான் வேண்டும்.

வேலிக்குள் வைத்த பிறகு புல் இடுப்பளவு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பருவத்தில் எனக்கு அடிக்கடி தலை வலித்தது. வாயில் தண்ணீராக ஊறியது, கண் மங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு, உடம்புக்கு நல்லது என்று இன்னொரு டம்ளர் கட்டனைக் கூட்டிக் குடித்தேன்.

விழுந்த அன்று காலையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுச் செடிக்குள் போனேன். முதல் நாள்தான் மருந்து அடித்திருந்தது. நாலு வரிசை போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அந்தக் குளிரில் வேர்வை. வயிறு பிசைந்தது, தொடைத் தசை தானாகத் துள்ளியது. வாயிலிருந்து எச்சில் கயிறாக வழிந்தது. கூப்பிடப் பார்த்தேன், குரல் வரவில்லை. முருகேசன்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து தூக்கினான்.

ஆள் ஏற்றிவந்த ஜீப்பில் என்னைப் பின்னால் படுக்கவைத்து, தலையை மடியில் ஏந்தி, எச்சில் மூச்சுக்குழலுக்குள் போகாமல் முகத்தை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டான். "வெரசா போங்கண்ணே, வெரசா" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தான். பதினேழு கொண்டைஊசி வளைவிலும் என் தலை ஆடாமல் பிடித்திருந்தான். நான் அவன் மடியில் கிடந்துகொண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்கு டீப் பாத்திரத்தை உடனே கழுவிக் கவிழ்த்துவிட்டானே, ஏன்?

போடி ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு, ஆம்புலன்சில் தேனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழி நடுவில் இருக்கும் பாப்பா கடுகளவு சுருங்கிக் கிடந்ததாம். என் சட்டையை மோந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார்.

அவர் பிற்பாடு விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நரம்பு தசையிடம் "இழு" என்று ஒரு சேதி சொல்லும். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை அழித்துவிட ரத்தத்திலும் நரம்பிலும் ஒரு பொருள் இருக்கிறது. கோலினெஸ்டரேஸ் என்று பெயர். பூச்சிமருந்தில் சில வகை அந்தப் பொருளைக் கட்டிப்போட்டுவிடும். சேதி அழியாது. வாய் ஊறிக்கொண்டே இருக்கும், வயிறு போய்க்கொண்டே இருக்கும், தசை துள்ளித் துள்ளிக் கடைசியில் ஓய்ந்துபோகும். மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துவிட்டால் ஆள் காலி. பூச்சி சாவதும் இப்படித்தானாம். என் ரத்தத்தில் அந்தப் பொருள் இருக்கவேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை.

"ஐயா, என்ன குடிச்சீங்க? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டார் டாக்டரம்மா.

"டீ."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. வீட்டுல ஏதும் சண்டையா?"

ஊரையே சந்தேகப்பட்டவனை இப்போது வார்டே சந்தேகப்பட்டது. மருந்து குடித்தவன் என்று சீட்டில் எழுதாவிட்டாலும் எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. நர்சு என் துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிட்டார்கள், மறுபடி ஏதாவது செய்துகொள்வேன் என்று. சாவி இரண்டையும் மட்டும் கெஞ்சி வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் சம்சாரம் பஞ்சவர்ணத்திடம், "நீதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கணும் ஆத்தா" என்று புத்தி சொன்னாள். பஞ்சவர்ணம் முந்தானையால் என் வாயைத் துடைத்துக்கொண்டே, "அவரு அந்த மாதிரி ஆளு இல்ல. சாகுறதுக்குக்கூட யாரையாச்சும் நம்பணும்ல" என்றாள்.

விஷத்தை முறிக்க அட்ரோபின் என்ற ஊசியை மணிக்கணக்கில் ஏற்றினார்கள். ஊறிய வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஊசி சில பேருக்குப் புத்தியைக் கொஞ்சம் பிசகவைக்குமாம். சுவரில் எறும்பு சாரைசாரையாகப் போவதைப் பார்த்தேன். முருகேசன் பூச்சிமருந்து டப்பாவோடு கால்மாட்டில் நிற்பதையும் பார்த்தேன். கட்டிலோடு கையைக் கட்டவேண்டி வந்தது. அப்போதும் சாவியை விடவில்லையாம். "சம்பந்தமில்லாம யார்மேலயாச்சும் சந்தேகப்பட்டுப் பேசுவாரு, பயப்படாதீங்க" என்று நர்சு சொன்னதற்கு, "அது ஊசி போடாமலே பேசுவாரும்மா" என்று பஞ்சவர்ணம் பதில் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் எறும்பு போய்விட்டது. நாலாம் நாள் காலையில் இட்லி தின்றேன். கேலண்டரைப் பார்த்துக் கிழமை சொன்னேன். தெளிந்துவிட்டேன் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதிய பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். விஷம் என்றால் போலீசுக்குத் தகவல் போவது வழக்கம்.

"நீங்களா குடிச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப யாரு கொடுத்தா? யார்மேலயும் சந்தேகம் இருக்கா?"

இங்கேதான் நான் எல்லாரிடமும் பொய் சொல்லிவைத்திருக்கிறேன். ஊசி மயக்கத்தில் உளறிவிட்டேன் என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன், அவள் வீட்டாரிடம் சொன்னேன், ஊரில் சொன்னேன். மயக்கம் ஒன்றும் இல்லை. புத்தி தெளிவாக இருந்தது. இட்லிக்குச் சட்னியில் உப்பு குறைவு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்தத் தெளிவோடுதான் சொன்னேன்: "டீ போட்டுக் கொடுத்தது என் மச்சினன் முருகேசன். அவன் அந்த டீயைக் குடிக்க மாட்டான். அன்னைக்குப் பாத்திரத்தையும் உடனே கழுவிட்டான்."

ஏட்டு எழுதிப் படித்துக்காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சிலமலைக் கடைத்தெருவில் வைத்து முருகேசனை போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அக்கா வீட்டுக்காரருக்கு அரிசிக்கஞ்சி கொண்டுபோகத் தூக்குச்சட்டியோடு பஸ்சுக்கு நின்றிருக்கிறான். அவன் பெண்டாட்டி போனில் அழுதது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. பஞ்சவர்ணம் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா சொன்னீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கத்தவில்லை. என் கால்நகத்தை வெட்ட ஆரம்பித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஏறிய ஊசி எதுவும் அப்படி வலிக்கவில்லை.

அன்று மாலைதான் கட்டன் கேட்டேன். கேண்டீன் டீயில் எனக்கு நம்பிக்கை இல்லை, குழாய்த் தண்ணீரிலும் இல்லை. உள்ளங்கையிலிருந்த சாவியைக் கொடுத்து, பெட்டியில் மூன்றாவது கட்டு இலையை எடுத்துக் கொதிக்கவைத்துக் கொண்டுவரச் சொன்னேன். தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்பியவனுக்கு அவள் வீட்டுக்குப் போய் டீ போட்டு, மறுநாள் முதல் பஸ்சில் பிளாஸ்க்கோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

டம்ளரில் ஊற்றி நீட்டினாள். வாங்கினேன். குடிக்கவில்லை. அவளுக்குத் தம்பிமேல் உயிர். என்மேல் கோபம் இருக்காதா?

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

"நாந்தான் மிச்சம். என்னையும் சந்தேகப்பட்டாச்சு" என்றாள். பிளாஸ்க் மூடியில் முக்கால்வாசி ஊற்றி, பிடிக்காத அந்தப் புல்லுத்தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "இப்ப குடிங்க."

குடித்தேன். பழைய ருசி. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அரைமணி நேரத்தில் என் வாய் ஊற ஆரம்பித்தது. நெற்றி வேர்த்தது. அதே வேர்வை. கூப்பிடத் திரும்பினால், பஞ்சவர்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

என் உடம்பில் சேதியை அழிக்கும் அந்தப் பொருள் இன்னும் குறைவாக இருந்ததால் கொஞ்ச விஷமே போதுமாக இருந்திருக்கிறது. மறுபடி அட்ரோபின், மறுபடி கையைக் கட்டிப்போட்டார்கள். அவளுக்கு லேசாகத்தான். ஒரு ஊசி போட்டு, ஒரு நாள் பொம்பளைகள் வார்டில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு நாளும் என் வாயைத் துடைக்க ஆளில்லை.

படுத்துக்கொண்டு யோசித்தேன். கட்டிப்போட்ட கையோடு வேறென்ன செய்ய? முருகேசன் ஸ்டேஷனில். அவன் இந்த டீயைத் தொடவில்லை. பஞ்சவர்ணம் தெரிந்து குடித்திருக்க மாட்டாள். பெட்டிக்கு நான் போட்ட பூட்டு, சாவி என் கைக்குள். நான் அறுத்து, நான் உலர்த்தி, நான் பூட்டிய இலை. இதில் நுழைய வேறு யாருக்கும் ஓர் ஊசிமுனை இடம்கூட நான் விட்டிருக்கவில்லை. ஆளாளாகக் கழித்துக்கொண்டே வந்தேன். ஒரே ஆள்தான் மிஞ்சினான்.

டாக்டரம்மா பிளாஸ்க்கை மோந்து பார்த்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "இந்த இலை எங்க வளருது ஐயா?"

"பத்திரமான இடத்துலதாம்மா. கம்பிவேலி போட்டுப் பூட்டியிருக்கு. ஆடு மாடு, ஆளு யாரும் போக முடியாது."

"அவ்வளவு பத்திரமா எதுக்கு வேலி போட்டீங்க?"

"வேலி புல்லுக்காகப் போடலம்மா. அது மொதல்லயே இருந்துச்சு. அங்கதான மருந்து கலக்குற டிரம்மு..."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் மருந்து அடித்து முடித்ததும் டிரம்மைக் கழுவி அங்கேயே கவிழ்ப்பேன். ஓசுக்குழாயை அலசுவதும் அங்கேதான். மிஞ்சிய கலவையையும் அங்கேயே ஊற்றுவேன், மருந்தை யாராவது எடுத்துக்கொண்டுபோய் வேறெதற்கும் பயன்படுத்திவிடக் கூடாதே என்று. அத்தனையும் இறங்கிய ஈரத்தில்தான் புல் இடுப்பளவு நின்றது. வேர் வழியாக உறிஞ்சி இலைக்கு ஏற்றும் வகை மருந்துகளும் உண்டாம். வெறுங்கையால் கலக்கியதில் தோல் வழியாகவும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. சோதனைக்கு அனுப்பிய இலையில் பூச்சிமருந்து இருப்பதாகப் பின்னால் சீட்டும் வந்தது. சீட்டு வராமலே எனக்குத் தெரியும். அந்தப் பொம்பளைகள் ஒடித்துக்கொண்டு போகட்டும் என்று பாதை ஓரத்திலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஏட்டை நானே வரவழைத்தேன். முதலில் சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லவேளை, பெட்டியப் பூட்டி வச்சிருந்தீங்க. இல்லேன்னா இன்னும் எத்தன பேரு பேரச் சொல்லியிருப்பீங்களோ" என்றார். முருகேசனை அடிக்கவில்லையாம். முதல் நாள் ஏற்றிப்போய், மறுநாள் காலையில் வரச்சொல்லி, இரண்டு நாளும் பெஞ்சில் உட்காரவைத்து, கேட்டதையே கேட்டு, பொழுதுசாய அனுப்பியிருக்கிறார்கள். பாத்திரத்தை ஏன் கழுவினாய் என்று கேட்டதற்கு, "கழுவாம வச்சா மச்சான் வைவாரு சார்" என்று சொன்னானாம். ஆமாம், வைவேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கையுறை, முகமூடி, தனி உடுப்பு என்று வரிசையாகச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு மருந்துப் பக்கமே போகக் கூடாது. கலக்கும் இடத்தில் தின்பது, குடிப்பது எதுவும் விளையக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஒன்றரை மாதம் கழித்து மலை ஏறினேன். முருகேசன் வழக்கம்போல ஜீப்பு வரும் இடத்தில் நின்று என் பையை வாங்கிக்கொண்டான். நான் கொடுத்தனுப்பிய சாவியால் திறந்து, வேலிக்குள் இருந்த தூர்களைப் பிடுங்கி, யாரும் தொடாமல் ஆழக் குழி வெட்டிப் புதைத்திருந்தான். காய் எடுக்கிறவர்களில் ஒருத்தி முன்பு ஒடித்துப்போய்த் தன் வீட்டில் ஊன்றியது தழைத்திருந்ததாம். அவளிடம் நாலு தூர் கேட்டு வாங்கி, பழைய பாதை ஓரத்தில் நட்டுவைத்திருந்தான். நான் திருட்டு என்று நினைத்த புல்.

"மாப்ளே, நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க மச்சான். ஊசி மயக்கம்னு அக்கா சொல்லுச்சு" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அந்தப் பொய்யை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பாதை ஓரத்துப் புல்லில் கட்டன் கொதித்தது. பால் டீயைத் தவிர எதையும் தொடாத முருகேசன், முதலில் தன் டம்ளரில் ஊற்றினான். எனக்கு எதிரில் நின்று, நான் பார்க்கும்படி, கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு கவிழ்த்துக் காட்டினான். கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தான்.

"எனக்கு ஒண்ணும் பண்ணல. இப்ப நீங்க குடிக்கலாம் மச்சான்" என்று சொல்லி என் டம்ளரை எடுத்தான்.

அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. நான் என் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவன் குடித்த டம்ளரை நீட்டச் சொன்னேன்.

"மச்சான், எச்சி."

"ஊத்துடா."

ஊற்றினான். அவன் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்துக் குடித்தேன். என் வயசுக்கு அழுகை வருவது நன்றாக இல்லை என்று புகையைச் சாக்குச் சொன்னேன். அவனும் விறகு ஈரம் என்றான். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குக் காய் எடுக்கப் போனேன். எடையை ஒரு தடவைதான் போட்டோம்.

அடுத்த நாள் காலையிலும் அவன்தான் முதலில் குடித்தான். கவிழ்த்துக் காட்டினான். கம்பத்தில் சாய்ந்து பொறுத்தான். இன்றைக்கும் அப்படித்தான் செய்தான்.